அமுக்காத பட்டன்கள்: மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஒரு சின்ன வரலாறு

எங்கள் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் மொத்தம் பதினோரு பட்டன்கள். ஆன் பண்ண ஒன்று, சூட்டைக் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று, டைமர் ஒன்று. மீதி ஏழும் சமையல் பெயர்கள். இட்லி, தோசை, சப்பாத்தி, சாதம், பால், குழம்பு, பொரியல். வாங்கி நான்கு வருடம் ஆகிறது. அந்த ஏழில் ஒன்றைக்கூட அம்மா இதுவரை தொட்டதில்லை. கேட்டால், "கல்லு காஞ்சிருச்சான்னு தண்ணி தெளிச்சாத் தெரியும். பட்டனுக்கு என்ன தெரியும்?" என்பார்.

போன மாதம் அடுப்பு திடீரென்று நின்றுவிட்டது. மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெரு முனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தோசை பட்டனுக்கு அடியில் ஈரம் இறங்கி ஒட்டிக்கொண்டதாம். யாரோ தோசை பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பதாக அடுப்பு நினைத்துக்கொண்டு வேறு எந்தப் பட்டனுக்கும் பதில் சொல்ல மறுக்கிறதாம். இந்த மாடலில் பதினொன்றும் ஒரே பிளாஸ்டிக் தாளாக இருப்பதால் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. முழு பேனலும் மாற்ற வேண்டும். 650 ரூபாய்.

நாலு வருடமாக ஒரு தடவைகூட அமுக்காத ஒரு பட்டன், அடுப்பையே நிறுத்திவிட்டது!

வீட்டுக்கு வந்து, "யார்தான் இந்த வெட்டிப் பட்டனை எல்லாம் வைக்கிறாங்களோ" என்று கத்தினேன். அப்போது சித்தி வந்திருந்தார். சித்தி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறவர். காபியை ஆற்றிக்கொண்டே, "நான்தான் வைக்கிறேன் கண்ணு" என்றார். நிஜமாகவேதான். சித்தியின் லைனில் ஓடுவது இதே மாதிரி பேனல்கள்தான். எங்கள் வீட்டு அடுப்பு அவர் கம்பெனியுடையது இல்லை என்றாலும், வேலை ஒன்றே.

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. அன்று ராத்திரி உட்கார்ந்து, இந்தத் தேவையில்லாத அம்சங்கள் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன். கொஞ்சம் நீளமான கதை. பொறுமையாகப் படியுங்கள் நண்பர்களே.

கல் கணக்கு

ஓசூர்க்காரன் கடிகாரத்தில் ஆரம்பிக்காவிட்டால் எப்படி? :)

என் தாத்தாவிடம் ஒரு ஹெச்.எம்.டி. ஜனதா இருந்தது. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். டயலில் 17 ஜூவல்ஸ் என்று எழுதியிருக்கும். "உள்ளே பதினேழு ரத்தினக் கல் இருக்குடா" என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். நானும் ரொம்ப நாள் அதை விற்றால் பணக்காரனாகிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல் இருப்பது உண்மை. ஆனால் அது செயற்கையாகச் செய்த ரூபி, மலிவானது. அலங்காரத்துக்காக வைப்பதும் இல்லை. கடிகாரத்துச் சக்கரங்களின் அச்சு உலோகத்தின்மேல் உரசினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். வழுவழுப்பான கல்லில் சுழன்றால் தேய்மானம் குறைவு. சாவி கொடுக்கும் சாதாரணக் கடிகாரத்தில் எங்கெங்கே கல் வேண்டும் என்று கணக்குப் போட்டால் சரியாகப் பதினேழு வருகிறது. பாலன்ஸ் சக்கரத்துக்கு நான்கு, அதன் உதைகல் ஒன்று, பாலட் முனைகளில் இரண்டு, பாலட் அச்சுக்கு இரண்டு, அதன்பிறகு நான்கு சக்கரங்களுக்குத் தலா இரண்டு என எட்டு. கூட்டிப் பாருங்கள், 17. அதாவது தாத்தாவின் கடிகாரத்தில் இருந்த ஒவ்வொரு கல்லும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

வம்பு எங்கே ஆரம்பித்தது என்றால், வாங்குகிறவர்கள் கல்லை எண்ண ஆரம்பித்த இடத்தில்தான். 17ஐவிட 21 நல்லது, 21ஐவிட 25 நல்லது என்று ஒரு நம்பிக்கை. தானாகச் சாவி ஏறும் கடிகாரத்துக்குக் கூடுதலாகச் சில கற்கள் நிஜமாகவே தேவை. ஆனால் போட்டி அதோடு நிற்கவில்லை. 1960களில் நூறு கல் வைத்த கடிகாரங்களே வந்துவிட்டன. அமெரிக்காவில் வால்தம் பெயரில் ஒன்று, ஜப்பானில் ஓரியண்ட் நிறுவனத்தின் கிராண்ட் பிரிக்ஸ் 100 என்று இன்னொன்று. நூறில் பெரும்பாலான கற்களுக்கு வேலையே கிடையாது. ஓரமாகச் சும்மா பதித்து வைத்திருந்தார்கள்.

கடைசியில் 1974இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு, ஐ.எஸ்.ஓ. 1112 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. வேலை செய்யாத கல்லை விளம்பரக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். ஒரு வெட்டி அம்சத்துக்கு எதிராக உலக அளவில் விதி போட வேண்டி வந்தது என்றால் போட்டி எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்!

டிரான்சிஸ்டரும் வாட்டும்

ரேடியோவிலும் இதே கதைதான். 1954இல் அமெரிக்காவில் வந்த ரீஜென்சி டி.ஆர்.1 என்ற பாக்கெட் ரேடியோவில் மொத்தம் நான்கே டிரான்சிஸ்டர்கள். அடுத்த சில வருடங்களில் ஆறு, எட்டு, பத்து என்று முன்பக்கம் பெரிதாக அச்சடிக்க ஆரம்பித்தார்கள். எண்ணிக்கைக்காக, பாட்டுக்கு எந்த உதவியும் செய்யாத டிரான்சிஸ்டர்களைச் சேர்த்து விற்றவர்கள் இருந்தார்கள். சிலவற்றை டயோடு மாதிரி பயன்படுத்தினார்கள். சிலவற்றை உருப்படியாக எதோடும் இணைக்கவே இல்லை.

நம் ஊரில் 1990களில் இதற்குச் சமமான ஒன்று இருந்தது. டேப் ரெக்கார்டர் மேல் ஒட்டியிருக்கும் பி.எம்.பி.ஓ. ஸ்டிக்கர். 400 வாட், 1000 வாட் என்று போட்டிருக்கும். ஆனால் அந்தப் பெட்டி ஒரு சின்ன அடாப்டரில் ஓடும். ஆயிரம் வாட் என்பது ஒரு அயர்ன் பாக்ஸ் இழுக்கும் மின்சாரம். அவ்வளவு சக்தி அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்கு எங்கிருந்து வரும்? ஒரு கண நேர உச்சத்தை மனம்போன போக்கில் கணக்கிட்டுப் போட்ட எண் அது. எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் அதற்குக் கிடையாது. அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபயர் வாட் கணக்கை எப்படிச் சொல்ல வேண்டும் என்று விதி போட்டதும் 1974இல்தான். கல்லுக்கும் வாட்டுக்கும் ஒரே வருடத்தில் கடிவாளம்.

இவை முதல் வகை. எண்ணுக்காகவே வைக்கும் அம்சம். வாங்குகிறவருக்குத் தரத்தை அளக்கத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். விற்கிறவர் எண்ணத் தெரிந்ததைப் பெருக்கிக் கொடுக்கிறார்.

காத்திருந்த பன்னிரண்டு

இரண்டாவது வகை கொஞ்சம் வேறு. இதை எல்லோரும் திட்டுவார்கள். நான் கொஞ்சம் பரிந்து பேசப் போகிறேன்.

1980களில் வந்த கறுப்பு வெள்ளை டி.வி. பெட்டிகள் ஞாபகம் இருக்கிறதா? (எனக்கு இல்லை, தாத்தா வீட்டு மச்சில் கிடந்ததைத்தான் பார்த்தேன்.) மரப்பெட்டி, இரண்டு பக்கமும் இழுத்து மூடும் கதவு, அதற்குப் பூட்டு. சென்னையில் செய்த டயனோரா, சாலிடேர் எல்லாம் அந்தக் காலத்தில் பிரபலம். வலது பக்கத்தில் கடக் கடக் என்று திருகும் ஒரு குமிழ். அதில் வரிசையாகப் பன்னிரண்டு வரை எண்கள்.

ஆனால் வந்ததோ ஒரே ஒரு சேனல். சென்னைத் தூர்தர்ஷன் 1975இல் தொடங்கியது, பெங்களூர் தூர்தர்ஷன் 1981இல். ஓசூர் பக்கம் ஆன்டெனாவைப் பெங்களூர் பக்கம் திருப்பி வைத்துக் கன்னட நிகழ்ச்சி பார்த்த வீடுகள் நிறைய. இங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குவதால் அது பெரிய கஷ்டமாகவும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் குமிழில் ஒரு எண்ணில்தான் படம். மற்ற எல்லா எண்களிலும் வெறும் புள்ளி மழை.

அப்படியென்றால் அந்த எண்கள் எல்லாம் வீணா? அன்றைக்கு ஆமாம். ஆனால் 1991இல் ஸ்டார் டி.வி. வந்தது, 1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்தது, தெருவுக்குத் தெரு கேபிள் இழுத்தார்கள். பத்து வருடமாகச் சும்மா இருந்த எண்களில் படம் தெரிய ஆரம்பித்தது. சீக்கிரத்திலேயே பன்னிரண்டு போதவில்லை என்று சண்டை வந்தது.

ரேடியோவில் எஃப்.எம். பேண்டும் இப்படித்தான். இந்தியாவில் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977இல் சென்னையில். ஆனால் வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பேண்டில் வெகுகாலம் உஸ் என்ற சத்தம் மட்டும்தான். 2001இல் நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். நிலையம் பெங்களூரில் தொடங்கியபோது, இங்கே பழைய செட்டுகளில்கூட அந்த முள் நகர ஆரம்பித்தது. மாறாக, வெளிநாட்டில் பலர் சீண்டாத சிற்றலை பேண்ட் நம் வீடுகளில் உயிர் மாதிரி. இலங்கை வானொலியின் பாட்டு வேண்டுமே!

ஆகவே ஒரு அம்சம் வெட்டியா இல்லையா என்பது அந்தப் பெட்டியை மட்டும் பார்த்தால் தெரியாது. அது எந்த ஊரில், எந்த வருடத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஓசூர் கடிகாரம்

திரும்பவும் கடிகாரத்துக்கு வருவோம். சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. ஓசூரில் தொழிற்பேட்டை வந்ததும், மானாவாரி நிலமாக இருந்த மூக்கண்டப்பள்ளி பக்கம் ஷிஃப்ட் சங்கு ஊத ஆரம்பித்தது. 1980இல் இங்கிருந்துதான் டி.வி.எஸ். 50 வெளியே வந்தது. இரண்டு பேர் உட்காரலாம், மிதித்தும் ஓட்டலாம், அதற்குமேல் ஒன்றும் கிடையாது. அம்சமே இல்லாததுதான் அதன் அம்சம்.

1984இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு என்ற பெயர்களின் சுருக்கம்தான் டைட்டன். ஓசூர் தொழிற்சாலையில் செய்த கடிகாரங்கள் 1987இல் விற்பனைக்கு வந்தன. அன்றைக்கு இந்தியாவில் கடிகாரம் என்றால் ஹெச்.எம்.டி., அதுவும் சாவி கொடுப்பது. ஜெர்க்சஸ் தேசாய் தலைமையிலான டைட்டன், குவார்ட்ஸ் பக்கம் போனது. சின்னக் குவார்ட்ஸ் படிகம் ஒன்று பேட்டரி மின்சாரத்தில் நொடிக்கு 32,768 தடவை அதிரும். அதைப் பாதி பாதியாகப் பதினைந்து முறை வகுத்தால் நொடிக்கு ஒன்று. அந்தத் துடிப்பில்தான் முள் நகர்கிறது. சாவி வேண்டாம், பதினேழு கல்லும் வேண்டாம்.

பாருங்கள், ஐம்பது வருடம் எண்ணி எண்ணிப் பெருமைப்பட்ட கற்கள் ஒரே வீச்சில் தேவையில்லாமல் போய்விட்டன. ஹெச்.எம்.டி. கடிகாரப் பிரிவு 2016இல் மூடப்பட்டது.

ஆனால் வெட்டி அம்சம் சாகவில்லை, இடம் மாறியது. இப்போது டயலுக்கு வந்துவிட்டது. கடைத்தெருவில் விற்கும் மலிவுக் கடிகாரங்களில் மூன்று குட்டி வட்டங்கள் இருக்கும். பலவற்றில் அவை வெறும் அச்சுப்படம், முள்ளே நகராது. வெளி வளையத்தில் 500, 400, 300 என்று 60 வரை எண்கள் இருக்கும். அது டேக்கிமீட்டர். ஒரு கிலோமீட்டர் கல்லில் முள்ளை ஓடவிட்டு அடுத்த கல்லில் நிறுத்தினால், முள் காட்டுகிற எண்தான் வண்டியின் வேகம். 3600ஐ நொடிகளால் வகுக்கிற சாதாரணக் கணக்கு. 40 நொடி ஆனால் மணிக்கு 90 கிலோமீட்டர்.

நண்பன் ஒருவனிடம் நிஜமாகவே வேலை செய்யும் டேக்கிமீட்டர் கடிகாரம் இருக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் பஸ்ஸில் சோதித்துப் பார்த்தோம். அத்திப்பள்ளி தாண்டியதும் டிராஃபிக். ஒரு கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம். அந்த வளையமோ ஒரு நிமிடத்தோடு முடிந்துவிடும், அதாவது 60 கிலோமீட்டருக்குக் கீழே அதற்குக் கணக்கே தெரியாது. காரோட்டப் பந்தயத்துக்குச் செய்ததை வைத்துக்கொண்டு அத்திப்பள்ளி சிக்னலில் என்ன செய்வது? :)

இதற்கு நடுவே நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2002இல் ஓசூரிலிருந்து டைட்டன் எட்ஜ் வந்தது. மொத்தத் தடிமன் 3.5 மி.மீ., உள்ளே இருக்கும் இயந்திரம் 1.15 மி.மீ., அதோடு தண்ணீரும் தாங்கும். 1979லேயே சுவிஸ்காரர்கள் 2 மி.மீ.க்கும் குறைவான டெலிரியம் கடிகாரத்தைச் செய்துவிட்டார்கள். ஆனால் அது தினம் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற பொருள் இல்லை. எட்ஜ், கடையில் வாங்கித் தினமும் கட்டக்கூடியது. கடிகாரம் மெல்லியதாக இருப்பதால் நேரம் ஒன்றும் கூடுதலாகச் சரியாகக் காட்டாது. கண்டிப்பாகப் பார்த்தால் அந்த மெலிவும் தேவையில்லாத அம்சம்தான். ஆனாலும் இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்த கைகள் ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்து வேலை செய்யக் கற்றுக்கொண்ட ஊர் இது. ஒரு வெட்டி அம்சம் தொழிலாளிக்குத் திறமையைக் கொடுத்துவிட்டும் போகலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சமையலறையில் என்ன நடந்தது

மூன்றாவது வகை, இடம் பொருந்தாத அம்சம். இதற்குச் சமையலறைதான் தலைநகரம்.

1950களில் கோவையில் பிறந்த வெட் கிரைண்டரும், 1960களில் மும்பையில் பிறந்த சுமீத் மிக்ஸியும் நம் ஊர்த் தேவைக்கென்றே செய்தவை. வெளிநாட்டு மிக்சர்கள் பழச்சாறுக்கும் கேக் மாவுக்கும் செய்யப்பட்டவை. மஞ்சளும் காய்ந்த மிளகாயும் போட்டால் மோட்டார் புகைந்துவிடும். அதைத் தாங்கும் மோட்டார் செய்ததுதான் சுமீத்தின் சாதனை. உரலில் குனிந்து ஆட்டிய பெண்களின் இடுப்பு வலியைக் குறைத்தது கிரைண்டரின் சாதனை. இரண்டிலும் அன்று வெட்டி அம்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

பிறகு எல்லோர் கிரைண்டரும் நன்றாக ஆட்ட ஆரம்பித்தது. அப்புறம் எதைச் சொல்லி விற்பது? தேங்காய் துருவி வந்தது, சப்பாத்தி மாவு பிசையும் கத்தி வந்தது. உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். கிரைண்டருடன் வந்த தேங்காய் துருவி கவரைக்கூடப் பிரிக்காமல் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். அரை மூடித் தேங்காய் துருவ கிரைண்டர் கல்லைத் தூக்கி வைத்து, துருவியை மாட்டி, முடிந்ததும் கழுவித் துடைத்து... அதற்குள் அரிவாள்மனையில் மூன்று மூடி துருவிவிடலாம்.

மைக்ரோவேவில் வெளிநாட்டவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அடுப்பில் பாப்கார்ன் என்று ஒரு பட்டன் இருக்கும். பாப்கார்ன் பாக்கெட்டிலோ அந்தப் பட்டனைப் பயன்படுத்தாதீர்கள் என்று போட்டிருக்கும்!

வாஷிங் மெஷினில் ஃபஸ்ஸி லாஜிக் என்று விளம்பரம் வந்ததே, அது ஒன்றும் ஏமாற்று வேலை இல்லை. லாட்ஃபி சாடே என்பவர் 1965இல் எழுதிய கணிதக் கோட்பாடு, ஜப்பானில் 1990 வாக்கில் துணி துவைக்கப் பயன்பட்டது. துணியின் எடை, அழுக்கு எல்லாம் பார்த்து மெஷினே நேரத்தை முடிவு செய்யும். ஆனால் எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை எந்த லாஜிக்கும் முடிவு செய்ய முடியாது. அதனால் வாளியில் தண்ணீர் ஊற்றும் செமி ஆட்டோமேட்டிக்தான் இங்கே ராஜா.

இன்னொன்று, கடிகாரம். மைக்ரோவேவ், மியூசிக் சிஸ்டம், டி.வி.டி. பிளேயர் எல்லாவற்றிலும் ஒரு கடிகாரம். 2008 தொடங்கி சில வருடங்கள் தமிழ்நாட்டில் மின்வெட்டு. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பல மணி நேரம் கரண்ட் கிடையாது. ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் எல்லாக் கடிகாரமும் 12:00 என்று மின்னும். முதல் வாரம் அப்பா சரி செய்தார். பிறகு விட்டுவிட்டார். எங்கள் வீட்டில் நாலைந்து வருடம் மணி பன்னிரண்டாகவே இருந்தது. அதே 2012இல்தான் மானிய விலை சிலிண்டருக்கு உச்சவரம்பு வந்து, எல்லோரும் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்க ஓடினார்கள். வாங்கினால் கரண்ட் இல்லை! அந்த அடுப்பில் ஏழு சமையல் பட்டன்கள்.

அப்படியானால் ஏன் வாங்குகிறோம்?

நாமும் சும்மா இல்லை. 2005இல் தாம்சன், ஹாமில்டன், ரஸ்ட் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வாங்குவதற்கு முன் கேட்டால், பெரும்பாலோர் அதிக அம்சம் உள்ளதையே தேர்ந்தெடுத்தார்கள். பயன்படுத்திப் பார்த்த பிறகு கேட்டால், எளிமையானது பக்கம் மனம் சாய்ந்தது. கடையில் நிற்கும்போது ஒரு மனசு, வீட்டுக்கு வந்தபின் வேறு மனசு.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. கடையில் இரண்டு அடுப்பு இருந்தது. ஒன்றில் நான்கு பட்டன், இன்னொன்றில் பதினொன்று. விலை வித்தியாசம் 200 ரூபாய். "ஏழு ஐட்டம் எக்ஸ்ட்ராம்மா" என்று நச்சரித்தது வேறு யாருமில்லை, நான்தான். இப்போதுதான் ஞாபகம் வருகிறது...

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி, 2011இல் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. இரண்டு திட்டத்திலும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பொருள் போனது. அங்கே வாங்கியது ஒரே வாடிக்கையாளர், அதாவது அரசு. அது கண்ணாடி அலமாரி முன் நின்று மயங்காது. டெண்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். அதனால் எங்கள் தெருவுக்கு வந்த மிக்ஸியில் ஒரு திருகும் ஜார்களும் மட்டும்தான். அதன் தரத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. ஆனால் அதில் அமுக்காத பட்டன் என்று ஒன்றுகூட இல்லை.

பட்டனே இல்லாத அம்சம்

இப்போது நாலாவது வகை. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. போச்சம்பள்ளியில் 2021இல் தொடங்கிய ஓலா மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை எல்லோருக்கும் தெரியும். 2022இல் அந்த ஸ்கூட்டருக்கு பார்ட்டி மோட் என்று ஒன்று வந்தது. நிறுத்தி வைத்த வண்டியில் பாட்டுப் போட்டால், பாட்டுக்கு ஏற்ப விளக்குகள் மின்னும். சிலருக்குப் பிடிக்கும், சிலர் சிரிப்பார்கள். அது இருக்கட்டும்.

நான் கவனித்தது வேறு. அது தொழிற்சாலையில் யாரும் மாட்டியது இல்லை. ஏற்கெனவே விற்ற வண்டிகளுக்கு, மென்பொருளாகக் காற்றில் வந்து இறங்கியது. நூறு கல் கடிகாரத்தில் ஒவ்வொரு வெட்டிக் கல்லையும் ஒருவர் பதிக்க வேண்டியிருந்தது. கிரைண்டரின் தேங்காய் துருவியை ஒருவர் வார்த்து, ஒருவர் தேய்த்து, ஒருவர் கவரில் போட வேண்டியிருந்தது. இனிமேல் வெட்டி அம்சத்துக்கும் கை தேவையில்லை.

இதை சித்தியிடம் சொன்னேன். "அதான் ஏற்கெனவே வந்துருச்சே" என்றார். அவர் லைனில் புது மாடல் பட்டன் இல்லாமல் தொடுதிரையாக வருகிறதாம். தாள் ஒட்டும் வேலை பாதியாகிவிட்டது. காண்ட்ராக்டில் இருந்த நாலு பேரை அடுத்த மாதம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சித்தி பெயர் அந்தப் பட்டியலில் இல்லை, இப்போதைக்கு.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. "அப்படின்னா அந்த ஏழு பட்டனும் இருந்திருக்கலாம் இல்ல சித்தி?" என்றேன். ஒருவர் பிழைப்பு என்றால் வெட்டி பட்டனையும் சகித்துக்கொள்ளலாமே என்று தோன்றியது.

சித்தி ஒப்புக்கொள்ளவில்லை. "யாரும் அமுக்காததை ஒட்டறதுல எனக்கு என்ன பெருமை கண்ணு? ஏழு பட்டன் ஒட்டற நேரத்துல, மூணு பட்டனைத் தண்ணி இறங்காம ஒட்டுங்கன்னு சொல்லியிருந்தா அதையும்தான் செஞ்சிருப்போம். அதுக்கும் ஆள் வேணும், நேரம் வேணும். உங்க அடுப்பும் நின்னிருக்காது. யாரும் அப்படிச் சொல்லலை."

இத்தனை படித்தும் எனக்குத் தோன்றாத விஷயம் அது. வெட்டி அம்சத்தை நீக்கினால் வேலை போகும், வைத்தால் வேலை இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதே கைகளை வைத்து நீடித்து உழைக்கும் பொருளைச் செய்யலாம் என்பது மூன்றாவது வழி. எட்ஜ் செய்த ஊரில் அந்தத் திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஈரம் இறங்காது என்பதை அட்டைப்பெட்டியில் எண்ணாகப் போட முடியாது. ஏழு என்று போடலாம். நாமும் ஏழைத்தான் எண்ணிப் பார்த்து வாங்குகிறோம். 1974 விதியில் இருந்த சூட்சுமம் இதுதான் என்று நினைக்கிறேன். எது வேலை செய்கிறதோ அதை மட்டும் எண்ணு என்றது அது.

அடுத்த தடவை கடைக்குப் போனால் எத்தனை பட்டன் என்று கேட்கப் போவதில்லை. பட்டன் கெட்டால் தனியாக மாற்ற முடியுமா என்று கேட்கப் போகிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனிக்குச் சொல்வார்.

கடை அண்ணன் பேனல் மாற்றிக் கொடுத்துவிட்டார். புதுப் பேனலிலும் அதே ஏழு பட்டன்கள். அம்மா வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து அந்த ஏழின் மேலும் ஒட்டியதுதான். ஈரம் இறங்காதாம். அன்று மாலை வந்த சித்தி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருப்பதைக் காட்டினார். டேப்பைப் பிய்த்துவிட்டு, மேடு இல்லாமல், விரலால் நீவி நீவி மறுபடி நேராக ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.